பெண்பேச்சும் சமுதாயமும்: புணே நகரச் சான்றுகள்

புணே நகரின் வடமேற்கு விளிம்பில், கட்கிப் படைக்குடியிருப்பை அடுத்து, முளா ஆற்றின் கரையில் அமைந்துள்ள பகுதி போபோடி. பழைய மும்பைச் சாலை இதன் வழியே சென்று, ஆற்றைக் கடந்து தாபோடியை அடைகிறது. கட்கியில் 1869ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட படைத்தளவாடத் தொழிற்சாலையும் படைப்பிரிவுகளும் பல மொழியினரை இப்பக்கம் ஈர்த்தன. தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் உண்டு. வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் கடைவீதியில் இந்தியும் எனக் குழந்தைகள் மூன்று மொழிகளுக்கிடையே வளர்கின்றனர். இக்கட்டுரையின் தொடக்கம் அங்குக் கேட்ட ஒரு சிறு சொல்லேயாகும்.

ஐந்து வயதுத் தமிழ்ச் சிறுவன் ஒருவன், விளையாட்டை விட்டு வீடு திரும்பும்போது, தோழர்களிடம் 'மீ ஜாதே' என்றான். 'நான் போகிறேன்' என்பது பொருள். ஆனால், அது பெண் சொல்லவேண்டிய வடிவம். ஆண் 'மீ ஜாதோ' எனல் வேண்டும். சிறுவர்கள் கைகொட்டிச் சிரித்தனர். சில நாள் அவனைப் பெண்பெயரிட்டும் அழைத்தனர். அவன் மராத்தியைத் தன் தாயும் அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசக் கேட்டே கற்றவன்; கேட்ட வடிவத்தைச் சொன்னான். அவனுடைய அக்காவும் மராத்தி பேசத் தொடங்கிய புதிதில் 'மீ ஜாதோ' என்று மாற்றிச் சொன்னதுண்டாம். அப்போது எவரும் சிரிக்கவில்லை. அடுத்த வீட்டு அம்மையார் திருத்தியதோடு சரி. "நம்ம பேச்சுல இந்தத் தொல்லையே இல்லையே" என்றார் அவர்களின் தாய். ஒரே பிழையை இரு குழந்தைகள் செய்தனர். ஒன்று இலக்கணப் பிழையாகவும் மற்றொன்று மானப் பிழையாகவும் கொள்ளப்பட்டன. இவ்வேற்றுமையை இலக்கணம் செய்யவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

தன்மையில் பால்

தமிழில் பால் காட்டும் விகுதி படர்க்கை வினைமுற்றுக்கே உரியது. 'போகிறேன்' என்பதையும் 'போகிறாய்' என்பதையும் கொண்டு பேசுவோர் ஆணா பெண்ணா, கேட்போர் ஆணா பெண்ணா என்று அறிய இயலாது. மராத்தியிலோ நிகழ்காலத்திலும் இறந்தகாலத்துச் செயப்படுபொருள் குன்றிய வினைகளிலும் தன்மை ஒருமையும் முன்னிலை ஒருமையும் பால் காட்டுவன. 'மீ ஆலோ' (வந்தேன்: ஆண்), 'மீ ஆலே' (வந்தேன்: பெண்) எனத் தன்மை வரும், 'தூ ஜாதோஸ்' (போகிறாய்: ஆண்), 'தூ ஜாதேஸ்' (போகிறாய்: பெண்) என முன்னிலை வரும். செயப்படுபொருள் குன்றாத இறந்தகால வினை எழுவாயை விட்டுச் செயப்படுபொருளோடு இயைவதால் அங்குப் பேசுவோரின் பால் மறைந்துவிடும். 'மீ ஜாயீன்' (போவேன்) என்னும் எதிர்காலத்திலும் அது இல்லை. ஆக, மராத்திப் பெண் தன்னைப் பெண்ணென்று வினைதோறும் அறிவிக்கிறாள் என்று பொதுப்படக் கூறுவது பொருந்தாது. சில காலங்களில், சில வினைகளில் மட்டுமே அறிவிக்கிறாள்.

இதிலும் இடவேறுபாடு உண்டு. கோலாப்பூர்ப் பகுதிப் பெண்கள் தம்மைக் குறித்தே 'மீ ஆலோ' என ஆண்பால் வடிவத்தை வழங்குவதை மராத்தியர் நன்கு அறிவர். அவர்கள் தம்மை ஆணென்று கருதிக்கொள்வதில்லை. புணே நகரத்தார் அதைக் கேட்டு முறுவலித்து, 'முரட்டுப் பேச்சு' என்பர். வட்டாரத்தின் ஒரு வழக்கு, நகரத்தின் காதில் பெண்ணின் குணமாக மாறிவிடுகிறது.

மொழியின் இலக்கணமே சமுதாயத்தின் மனப்பாங்கை உருவாக்குகிறது என்னும் கருத்தைச் சோதிக்க இந்திய மொழிகள் நல்ல களம். மராத்தி மூவிடத்தும் பால் காட்டும். தமிழ் படர்க்கையில் மட்டும் காட்டும். மலையாள வினைமுற்றில் பால் விகுதி எங்கும் இல்லை; பெயர்ப்பதிலிகளே அதைக் காட்டுகின்றன. வங்காளியில் படர்க்கைப் பதிலிப்பெயர்கூடப் பால் காட்டுவதில்லை. இலக்கணம் காரணமாயின், பெண்ணுக்கு விதித்த கட்டுப்பாடுகள் மராத்தியில் மிக்கும் வங்காளத்தில் அருகியும் இருந்திருக்க வேண்டும். இளம் விதவையர் மிகுந்திருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தை அறிந்தோர் எவரும் அவ்வாறு கூறார். இலக்கணம் சமுதாயத்துக்குக் கண்காணிக்க ஒரு வாய்ப்பைத் தருகிறது; அவ்வளவே. அவ்வாய்ப்பு இல்லாத மொழியில் சமுதாயம் வேறு வழி காணும்.

தமிழ் கண்ட வழிகளில் ஒன்று விளியும் மரியாதைச் சொல்லும். கணவன் மனைவியை 'வா, போ' என்பதும் மனைவி கணவனை 'வாங்க, போங்க' என்பதும் அண்மைக்காலம் வரை பெரும்பான்மை வழக்கு. மராத்தியிலும் மனைவி 'அஹோ' என்று விளித்துப் பன்மையில் பேசுவாள். கணவன் 'அக' என்று விளித்து ஒருமையில் பேசுவான். தன்மை வினையில் முற்றிலும் வேறுபடும் இரு மொழிகள், இல்லத்துள் ஏறத்தாழ ஒரே உறவைக் காட்டுகின்றன. பேச்சுத்தமிழில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. எழுத்துத்தமிழில் இருபாலுக்கும் பொதுவான 'அவர்', பேச்சில் பெரும்பாலும் ஆணுக்கே உரியதாகிவிட்டது. மதிப்புக்குரிய பெண்ணைச் சுட்டப் பன்மையாகிய 'அவங்க' என்பதே வழங்குகிறது.

விதியும் இயல்பும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் பெண்பாற்கு அச்சம், நாணம், மடம் ஆகியவற்றையும் ஆண்பாற்குப் பெருமையையும் வலிமையையும் உரியனவாக வைக்கிறது. இது குணங்களைப் பற்றிய கூற்று. ஆனால் அந்நூல் அதனோடு நின்றுவிடவில்லை. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் எடுத்துரைத்தல் இல்லை என்று களவியலும், தன்னைத்தான் புகழ்ந்துகொள்ளும் பேச்சு அவன் முன் அவளுக்கு இல்லை என்று கற்பியலும் விதிக்கின்றன. இவை செய்யுள் வழக்குப் பற்றியன என்பதை மறத்தலாகாது. மக்கள் அனைவரும் இப்படியே வாழ்ந்தனர் என்பதற்கு இவற்றைச் சான்றாக்குதல் பிழை. எனினும் ஒரு வினா எழுகிறது. நாணம் இயல்பாயின் விதி எதற்கு? மீன் நீந்துக என்று எந்த நூலும் விதிப்பதில்லை.

வடமொழி நாடக மரபு இதனினும் தெளிவானது. அரசனும் அந்தணனும் சமஸ்கிருதம் பேச, அரசியும் தோழியும் பிராகிருதம் பேசுவர். இதைப் பெண்மொழி என்று கொள்ளத் தோன்றும். ஆனால், சிறுவரும் தாழ்நிலை ஆடவரும் விதூடகனும்கூடப் பிராகிருதமே பேசுவர். கலை கற்ற கணிகை சிலபோது சமஸ்கிருதம் பேசுவதும் உண்டு. எனவே அது பெண்ணின் மொழி அன்று; கீழ்நிலையில் வைக்கப்பட்டோரின் மொழி. பெண் அந்நிலையில் வைக்கப்பட்டதால் அம்மொழியைப் பெற்றாள்.

இந்தக் கருத்தையே 1980ஆம் ஆண்டு ஓபார், அட்கின்ஸ் என்னும் இருவர் அமெரிக்க நீதிமன்றச் சாட்சியங்களைக் கொண்டு நிறுவினர். அதற்கு முன்பு 1975இல் இராபின் லேகாஃப் வெளியிட்ட நூல், தயக்கச் சொற்களும் மிகைப்பணிவும் வினாவாக முடியும் கூற்றுகளும் பெண்மொழியின் அடையாளங்கள் என்று காட்டியிருந்தது. நீதிமன்றத்தில் பார்த்தபோது, படிப்பும் பதவியும் சாட்சி சொல்லிய பழக்கமும் உடைய பெண்களிடம் அவ்வடையாளங்கள் அருகியே காணப்பட்டன. அவை இல்லாத ஆடவரிடம் மிகுந்து காணப்பட்டன. இருவரும் அதற்கு 'வலுவற்றோர் மொழி' என்று பெயரிட்டனர். யெஸ்பர்சன் 1922இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் 'பெண்' என்று ஓர் இயலே உண்டு; 'ஆண்' என்ற இயல் இல்லை. ஆணின் பேச்சே மொழி, பெண்ணின் பேச்சு அதன் விலகல் என்னும் நினைப்பு அவ்வளவு பெரிய அறிஞரையும் விட்டுவைக்கவில்லை.

புணே நகரம், 1848 முதல்

இவ்வாராய்ச்சிகளுக்கெல்லாம் நெடுங்காலம் முன்பே, போபோடியிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழைய புணேயில், பெண்பேச்சு மாறுவதை ஆவணங்களோடு பின்தொடரும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது. ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1848இல் புதவார் பேட்டையிலுள்ள பிடே மாளிகையில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். (சிதைந்து நின்ற அக்கட்டடம் நினைவகம் எழுப்புவதற்காக 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது.) 1831இல் நாய்காவ் என்னும் ஊரில் பிறந்த சாவித்திரிபாய், 1840இல் மணமான பின்னரே எழுத்தறிந்தவர். 1854இல் தம் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். எழுத்தறியாத மணமகளுக்கும் அச்சேறிய கவிஞருக்கும் இடைப்பட்ட காலம் 14 ஆண்டுகளே.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. புலே இணையரின் பள்ளி ஒன்றில் மூன்று ஆண்டுகள் பயின்ற, மாங் என்னும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த முக்தாபாய் என்னும் சிறுமி எழுதிய கட்டுரையை, 'ஞானோதய' என்னும் மராத்தி இதழ் 1855இல் வெளியிட்டது. மாங், மகார் மக்களின் துயரமே அதன் பொருள். அவருக்கு அப்போது 14 வயது இருக்கும் என்பர். மேற்சாதியாரின் மறைநூல் உரிமையை அவர் வினவுகிறார். பேஷ்வா ஆட்சிக் கொடுமைகளை எடுத்துரைக்கிறார். தலைக்குமேல் கூரையின்றிப் பிள்ளை பெறும் தம் இனப் பெண்களின் நிலையைச் சொல்கிறார். தயக்கச் சொல், மிகைப்பணிவு, வினாவாக முடியும் கூற்று என்னும் பட்டியலை வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படிப்போர் ஏமாறுவர். இதில் வினாக்கள் உண்டு. அவை கேட்போரை மடக்கும் வினாக்கள்.

இங்குச் சாதியை ஒதுக்கிவிட்டுப் பாலை மட்டும் பேசுதல் இயலாது. மென்குரலும் தாழ்ந்த பார்வையும் மேற்சாதி இல்லத்தரசிக்கு வகுத்த இலக்கணம். காய்கறி விற்பவளும் களையெடுப்பவளும் அக்குரலில் பேசினால் பிழைக்க இயலாது. அவர்களுடைய உரத்த குரல் 'பெண்மை'க்கு விலக்காக இகழப்பட்டதே அன்றிப் பெண்களுடைய இயல்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. தமிழகத்திலும் இதுவே நிலை.

திரிகைப் பாட்டு

எனினும் மேற்சாதிப் பெண்ணோ பிற சாதிப் பெண்ணோ, மாமியார் மாமனார் முன்னிலையில் மருமகள் பேசாதிருப்பது மராத்திய நாட்டில் பரவலான வழக்கமே. அம்மருமகள் விடியுமுன் எழுந்து திரிகையின் முன் அமர்ந்து மாவரைக்கும்போது பாடினாள். 'ஓவி' என்னும் அப்பாடல்களில் பிறந்தகத்தின் ஏக்கம், புகுந்தகத்தின் கொடுமை, அண்ணன் வரவில்லை என்னும் மனக்குறை, கணவனின் கடுமை, விட்டலனிடம் உரிமையோடு தொடுக்கும் சண்டை ஆகிய அனைத்தும் இடம்பெறும். புணேயைச் சேர்ந்த கூட்டுறவுச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் ஹேமா ராயிர்கரும் கீ பொத்வேனும் முன்னின்று திரட்டிய இப்பாடல்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை.

மின் அரைப்பான்கள் வந்து திரிகை ஓய்ந்ததால் பாடும் இடமும் ஓய்ந்தது. ஆயினும் தொகுப்பு ஒன்றை நமக்கு உணர்த்துகிறது. பகலில் ஊமையாயிருந்தவளும் விடியலில் பாடியவளும் ஒருத்தியே. அவள் ஆளுமை இரவுக்கும் பகலுக்குமிடையே மாறிவிடவில்லை, கேட்போர் மாறினர். பெண்ணின் பேச்சை அளக்க வந்தோர் பலரும் ஆடவர் கேட்கும் இடத்தில் நின்றே அளந்தனர். நம் ஒப்பாரியையும் இவ்வாறே நோக்க வேண்டும். இறந்தவர் முன் அமர்ந்த பெண் உடன்பிறந்தானைச் சாடலாம், கணவன் வீட்டாரைச் சாடலாம், கடவுளையும் சாடலாம். எழுந்து முகம் கழுவியபின் அதில் ஒரு சொல்லையும் அவள் சொல்லலாகாது.

பெயர் சொல்லா வழக்கு

கணவன் பெயரைச் சொல்லாமை தமிழருக்கும் மராத்தியருக்கும் பொதுவான விலக்கு. குடும்ப அட்டைக்குப் பெயர் பதிய வந்தவரிடம், பக்கத்தில் நின்ற பிள்ளையைக் கொண்டு கணவன் பெயரைச் சொல்லவைத்த தாய்மார்களை நம்மில் பலர் கண்டிருப்போம். தென்னாப்பிரிக்காவின் கோசா, சூலு மொழியினரிடையே 'ஹ்லோனிபா' எனப்படும் வழக்கு இன்னும் நுட்பமானது. மாமனார் பெயரிலுள்ள அசைகள் வரும் எச்சொல்லையும் மருமகள் தவிர்த்து, வேறொரு சொல்லைப் புனைந்து வழங்குவாள். பெண்கள் சொல்வளம் குறைந்தவர்கள் என்று யெஸ்பர்சன் கருதியதை இதனோடு வைத்துப் பார்த்தல் வேண்டும்.

மராத்தியர் இவ்விலக்குக்கு ஒரு வடிகாலும் வைத்துள்ளனர். 'உகாணா' என்பது கணவன் பெயரைப் பொதிந்து சொல்லும் எதுகைச் செய்யுள். மணமகள் புகுந்த வீட்டின் வாயிலில் மறிக்கப்பட்டு, 'பெயர் சொல்' என வற்புறுத்தப்படுவாள்; செய்யுளாகச் சொன்ன பின்னரே உள்ளே விடப்படுவாள். மஞ்சள் குங்கும விழாக்களிலும் இது தொடரும். செய்யுளில் சொன்னால் அது அவள் சொன்னதாகாது, மரபு சொன்னதாகும் என்பதே இதன் உட்பொருள். இக்காலத்தில் மணமகனும் உகாணா சொல்கிறான். ஆனால் அவனுக்கு அது விளையாட்டு. அவன் அவள் பெயரைச் சொல்ல என்றுமே தடையிருந்ததில்லை.

இவ்விலக்கு எழுத்தினுள்ளும் புகுந்ததற்குச் சிறந்த சான்று இரமாபாய் ரானடே 1910இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள். மராத்தியில் பெண்கள் எழுதிய தன்வரலாறுகளுள் முற்பட்டவற்றுள் ஒன்று அது. 1873இல், பதினொரு வயதளவில், தம்மைவிட ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்தவரும் மனைவியை இழந்தவருமான மகாதேவ கோவிந்த ரானடேயை மணந்து புணேக்கு வந்தபோது அவருக்கு எழுத்தறிவு இல்லை. கல்வி கற்ற பெண் விதவையாவாள் என்னும் அச்சம் அக்காலத்துக் குடும்பங்களில் வேரூன்றியிருந்தது. கணவர் மராத்தியும் பின்னர் ஆங்கிலமும் கற்பித்தார். அதை எதிர்த்து அன்றாடம் ஏசியவர்கள் வீட்டிலிருந்த மூத்த பெண்கள். தெருவில் ஆண்கள் சாவித்திரிபாயின்மீது சாணமெறிந்தனர் என்பதைப் பலரும் எழுதுவர். அடுக்களையில் பெண்கள் சொல்லெறிந்ததைக் குறைவாகவே எழுதுவர். தாம் எவ்விதியால் அடக்கப்பட்டனரோ அவ்விதியைக் காப்பதொன்றே அம்மூத்த பெண்களுக்கு வீட்டில் எஞ்சியிருந்த அதிகாரம்.

இரமாபாய் மேடையேறினார், ஆங்கிலத்திலும் மராத்தியிலும் பேசினார், 1901இல் கணவரை இழந்தபின் 1909இல் புணேயில் சேவா சதனத்தை உருவாக்கி நடத்தினார். பல்லாயிரவர் அறிந்த பொதுவாழ்வினர். ஆயினும் தம் நூலில் கணவரைச் சுட்டும்போது பெயரை விடுத்து 'ஸ்வத:' என்னும் தற்சுட்டுப் பெயரையே கையாள்கிறார். தமிழில் 'தாம்' என்பது போன்றது இது. 1938இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இச்சொல்லின் ஆங்கில வடிவத்தையே நூலின் தலைப்பாக்கியது. பெயர் விலக்கப்பட்ட இடத்தில் ஒரு பதிலிப்பெயர், பெயராகவே நின்றுவிட்டது. நம் பெண்கள் 'அவுக', 'எங்க வீட்டுக்காரர்', 'ஆத்துக்காரர்' என்பனவற்றை வழங்குவதும் இவ்வகையே. மேடைப்பேச்சை வென்றவர் வீட்டுப்பேச்சின் விலக்கை மீறாதது முரண்பாடு என்று இக்கட்டுரையாளர் கருதவில்லை. இரு இடங்களுக்கும் இரு விதிகள் இருந்தன. ஒன்று மாறியது, மற்றொன்று மாறவில்லை.

இரமாபாயின் மேடைப் பழக்கத்துக்குத் துணையாக மற்றொரு நிகழ்ச்சியும் அமைந்தது. 1882இல் பண்டித இரமாபாய் புணேக்கு வந்து ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். அவ்வாண்டே ஹண்டர் கல்விக் குழுவின் முன் சான்றுரைத்தார். தந்தையிடமும் தாயிடமும் சமஸ்கிருதம் கற்று, ஊர் ஊராகப் புராணம் சொல்லி வளர்ந்தவர் அவர். கூட்டத்தின்முன் பேசுவது குழந்தைப் பருவம் முதல் அவருக்குத் தொழில். அக்காலத்தார் அவருடைய பேச்சாற்றலைத் தெய்வ அருளென்று வியந்தனர். மொழியியலார் அதைப் பயிற்சி என்பர்.

தமிழகத்திலும் இவ்வகை எடுத்துக்காட்டுகளுக்குக் குறைவில்லை. வை. மு. கோதைநாயகி தம் முதற் படைப்பைத் தாமே எழுதப் போதிய பயிற்சியின்றிச் சொல்லி எழுதுவித்தவர். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களும் படைத்து, மேடைப் பேச்சாளராகவும் விளங்கினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்குச் சென்ற இந்தி எதிர்ப்புப் படையில் நடந்து, வழிநெடுக ஊர்க்கூட்டங்களில் பேசினார். இவர்களைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

ஒப்பீடு

ஆண் பெண் ஆளுமை வேறுபாட்டைப் பற்றிய உலகளாவிய சான்றுகள் ஒரு திசையில் மட்டும் செல்வதில்லை. எலினார் கீனன் 1974இல் மடகாஸ்கரைப் பற்றி எழுதிய கட்டுரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குச் சுற்றிவளைத்துப் பேசுவதும் மனம் நோகாமல் சொல்வதும் ஆண்களின் இயல்பு. நேரடியாகப் பேசுவதும் கண்டிப்பதும் சந்தையில் பேரம் பேசுவதும் பெண்களின் பணி. மேலை நாட்டார் பெண்ணுக்குரியதாகக் கூறிய மென்மை அங்கு ஆணுக்குரியது. ஆயினும் மதிப்பு மட்டும் இடம் மாறவில்லை. அங்கும் ஆணின் பேச்சே உயர்ந்தது. நேரடிப் பேச்சு பெண்ணின் குறை.

பெண்கள் மிகுதியாகப் பேசுவர் என்பது நம் பழமொழிகளுக்கும் பிற நாட்டார் பழமொழிகளுக்கும் பொது. மெல் முதலியோர் 396 மாணவர்களின் அன்றாடப் பேச்சை ஒலிப்பதிவுக் கருவியால் அளந்து 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, பெண்கள் நாளொன்றுக்கு 16,215 சொற்களும் ஆண்கள் 15,669 சொற்களும் பேசினர். புள்ளியியல் நோக்கில் இது வேறுபாடே அன்று. மிகுதியான மக்களைக் கொண்டு பின்னர் நடந்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. இளைஞரிடமும் முதியோரிடமும் கருதத்தக்க வேறுபாட்டை அது காணவில்லை. 25 முதல் 64 வரையுள்ள வயதினரிடையே மட்டும் பெண்கள் கூடுதலாகப் பேசினர். பிள்ளை வளர்க்கும் பருவம் இதனுள் அடங்குவதை நோக்க, பேச்சின் அளவு உடலைச் சார்ந்ததா, சுமத்தப்பட்ட பணியைச் சார்ந்ததா என்னும் வினா இயல்பாகவே எழும். ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை ஒருங்குவைத்துக் கண்டபோது, உளவியல் வேறுபாடுகளுள் 78 விழுக்காடு மிகச் சிறியனவாகவோ இல்லை எனத்தக்கனவாகவோ இருந்தன. எறியும் விசை, உடல்வழித் தாக்குதல் போன்ற சிலவற்றில் வேறுபாடு இருந்ததையும் அவர் மறைக்கவில்லை.

ஒரு குணத்தை எடுத்துக்கொண்டு, அது பெண்ணிடம் மட்டுமா உள்ளது, ஆணிடம் இல்லையா என்று வினவும் இம்முறையை, புள்ளியியல் ஏதுமின்றி, 1882இலேயே புணேயில் அச்சான ஒரு மராத்தி நூல் கையாண்டது. 'ஸ்திரீ புருஷ துலனா' என்பது அதன் பெயர்; பெண் ஆண் ஒப்பீடு என்பது பொருள். எழுதியவர் விதர்ப்பப் பகுதியின் புல்டாணாவைச் சேர்ந்த தாராபாய் ஷிண்டே. தந்தை அரசு அலுவலர். சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர். 1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்னும் இளம் விதவை, தாம் பெற்ற குழந்தையைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். முதலில் தூக்குத் தண்டனை. மேல்முறையீட்டில் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. இவ்வழக்கையொட்டிப் பெண்ணினத்தின் ஒழுக்கத்தையே பழித்து இதழ்கள் எழுதின. அதற்கு மறுமொழியே இந்நூல்.

நூலின் முன்னுரை வழக்கமான அவையடக்கம். தாம் வீட்டினுள் அடைபட்ட அறிவிலாப் பெண், இது முதல் முயற்சி, சொற்கள் கரடுமுரடானவை என்று பொறுத்தருள வேண்டுகிறார். லேகாஃபின் பட்டியலிலுள்ள பணிவு அனைத்தும் இங்கு உண்டு. அடுத்த பக்கங்களில் அது ஒரு சுவடுமின்றி மறைகிறது. வஞ்சகம், நிலையின்மை, அறியாமை, மூடநம்பிக்கை, ஒழுக்கக்கேடு எனப் பெண்ணின் இயல்பாகச் சொல்லப்பட்ட குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆடவரே, இது உங்களிடம் இல்லையா என்று கேட்கிறார். மனைவி இறந்தவன் பத்தாம் நாளே மறுமணம் பேசலாம், கணவன் இறந்தவள் தலை மழிக்கப்பட்டு மூலையில் கிடக்க வேண்டும் என்பது எந்த நீதி என்கிறார். புராணப் பெண்டிரையும் தெய்வங்களையும் விட்டுவைக்கவில்லை. அறியாமை பற்றிய குற்றச்சாட்டுக்கு அவர் தரும் விடை நம் பொருளோடு நேரே தொடர்புடையது: வீட்டினுள் பூட்டிவைத்துவிட்டு உலகம் தெரியாதவள் என்பது என்ன வழக்கு?

மொழிநடையே இந்நூலின் தனிச்சிறப்பு. அக்கால மராத்தி உரைநடையின் சமஸ்கிருதச் செறிவு இதில் அரிது. கிணற்றடியிலும் அடுக்களையிலும் கேட்கும் வசவும் பழமொழியும் கிண்டலும் மூச்சுவிடாத நீண்ட வாக்கியங்களும் அச்சில் ஏறுகின்றன. பெண்கள் தமக்குள் பேசிவந்த பேச்சு, ஆடவர் படிக்கும் பக்கத்தில் ஆடவரை முன்னிலைப்படுத்தி நிற்பதே இங்குப் புதுமை. திரிகைப் பாட்டுக்கும் இதற்கும் சொல்லில் வேற்றுமை குறைவு, கேட்போரில்தான் வேற்றுமை.

நூல் 500 படிகள் அச்சிடப்பட்டது. விலை ஒன்பது அணா. அதை எள்ளியவர்கள் மிகுதி. சீர்திருத்தம் பேசியவர்களும் அவர்களுள் இருந்தனர். ஜோதிராவ் புலே 1885இல் தம் 'சத்சார்' இதழில் நூலுக்காக வாதாடினார். பிறகு நூல் மறக்கப்பட்டது. ச. க. மால்ஷே 1975இல் மறுபதிப்பு வெளியிட்டார். ரோஸலிண்ட் ஓஹான்லனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1994இல் வந்தது. முதற்பதிப்பு வந்தபோது தாராபாய்க்கு வயது 32 அளவில் இருக்கும். அதற்குப்பின் 25 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அக்காலத்தில் அவர் எழுதி வெளியிட்டதாக வேறு ஒரு பக்கமும் கிடைக்கவில்லை.